ஸ்கீ வாங்க 75,000 ரூபாய் லோனா? முதல்ல பனி நாளை எண்ணுங்க தம்பி

தீபாவளிக்குப் பத்து நாள் முன்னாடி, காலாண்டு ஜிஎஸ்டி ரிட்டர்ன் விஷயமா ஒரு கிளையண்ட் நம்ம சரவணம்பட்டி ஆபீசுக்கு வந்திருந்தார். கணபதி பக்கம் சின்னதா லேத் பட்டறை வெச்சு ஜாப் ஒர்க் பண்றவர். கூட அவர் பையனும் வந்திருந்தான். பையன் இங்கயே சத்தி ரோட்டுல ஒரு ஐடி கம்பெனில நாலாவது வருஷம். நம்ம சேனலும் பார்ப்பானாம். உட்கார்ந்து ரெண்டு நிமிஷம்கூட ஆகல, அப்பா ஆரம்பிச்சுட்டார்.

"ஏனுங்க ஆடிட்டரே, நீங்களாவது இவனுக்குச் சொல்லுங்க. பனியில சறுக்கற கட்டைக்கு எழுபத்தஞ்சாயிரமாமா. அதும் லோன் போட்டு!"

பையன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். ஆனா போன்ல படத்தை எடுத்து என்கிட்ட நீட்டிட்டான். ட்வின்-டிப் ஸ்கீ, முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு நுனியும் மேல வளைஞ்சிருக்கு. போன பிப்ரவரில குல்மர்க் போய் ஆறு நாள் கத்துக்கிட்டு வந்தவன். இந்தத் தடவை சொந்த ஸ்கீயோட போகணும்னு ஆசை. பேங்க் ஆப்ல ப்ரீ-அப்ரூவ்டு லோன் ரெடி, ஒரு கிளிக் தான் பாக்கி.

அவங்க ரெண்டு பேர்கிட்டயும் கேட்டுட்டுத்தான் இதை எழுதறேன். பேர் போட வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். ஸ்கீ ஆசை தப்பே இல்ல. நானே ரெண்டு தடவை குல்மர்க் போய் விழுந்து புரண்டவன். ஆனா வருஷத்துல ஆறு நாள் பனியைப் பார்க்கறவர், எண்பது நாள் பனியில கிடக்கறவருக்காகச் செஞ்ச பொருளை வாங்கினா, அந்தப் பொருளோட பெரிய குணத்துக்குக் காசு கொடுத்துட்டு அதை அனுபவிக்காமலே விட்டுடுவார். அந்தக் குணத்துக்குப் பேர் உழைப்பு. ஷோரூம் பாஷைல 'டியூரபிலிட்டி'.

இந்த ஸ்கீ என்ன சமாச்சாரம்னு கொஞ்சம் பார்த்துடலாம். அந்தக் காலத்து ஸ்கீல முன் நுனி மட்டும்தான் வளைஞ்சிருக்கும், பின்பக்கம் தட்டையா முடியும். முன்னாடி பார்த்து இறங்கறதுக்கு அது போதும். 1990-களோட கடைசில, ஸ்னோபோர்டு பசங்க குதிச்சுச் சுத்தி, பின்பக்கமாவே இறங்கறதைப் பார்த்து, ஸ்கீ பசங்களுக்கும் அதே ஆசை வந்துச்சு. கனடாக்காரர் மைக் டக்ளஸும் அவர் கூட்டாளிகளும் சேர்ந்து யோசிச்சதை, பிரான்ஸ் கம்பெனி சாலமன் 'டென்-எய்ட்டி'ங்கற பேர்ல தயாரிச்சுக் கொண்டுவந்தது. 1080 டிகிரி, அதாவது காத்துல மூணு சுத்து, அதான் பேர். பின்பக்கமும் வளைஞ்சிருந்தா பின்னோக்கி இறங்கினாலும் பனியில குத்திக்காது. லைன், அர்மாடா மாதிரி கம்பெனிகள் எல்லாம் இந்த ஆட்டத்தை வெச்சே வளர்ந்ததுங்க.

இப்ப இதுல 'ப்ளேஃபுல்'னு ஒரு வார்த்தை போடறாங்க. துள்ளலா இருக்கும்னு வெச்சுக்கோங்க. நுனிகள் இளகி வளையும், பைண்டிங்கை ஸ்கீயோட நடுப்பகுதிக்குக் கிட்ட மாட்டுவாங்க, சுத்தறதுக்கு லேசா இருக்கும். 'பார்க்'னா டெரெய்ன் பார்க். இரும்புக் கம்பி, பெட்டி, பனி மேடு எல்லாம் வெச்சு, ஏறிக் குதிச்சு விளையாடற இடம். 'ஆல்-மவுண்டன்'னா மலை முழுக்க, அழுத்தின பனி, புதுப் பனி, மேடு பள்ளம் எதுலயும் ஓட்டலாம். ரெண்டுக்கும் ஒரே ஜோடி வேணும்னு கேட்கறவங்களுக்குப் பூட்டுக்கு அடியில 90-ல இருந்து 100 மி.மீ. வரை அகலம் சரியா வரும். அதுக்குக் கீழ போனா புதுப் பனியில மூழ்கும், 105-க்கு மேல போனா கம்பி மேல சுத்தறதுக்குச் சோம்பேறித்தனம் பண்ணும்.

இதெல்லாம் பையன் எனக்கு விளக்கிட்டிருக்கும்போது, அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தப் படத்தை வாங்கினார். ஸ்கீயைக் குறுக்க வெட்டிக் காட்டற படம். எனக்கு அந்த நாளோட சுவாரசியமே அங்கதான் ஆரம்பிச்சுது.

"இது என்ன, ஓரத்துல பட்டை?"

"ஸ்டீல் எட்ஜ்ப்பா. பனியைக் கடிக்கறது அதுதான்."

"எத்தனை மில்லி?"

பையன் தேடிப் பார்த்து, சாதாரண ஸ்கீல சுமார் 2 மி.மீ., பார்க் ஸ்கீல 2.5 மி.மீ. வரை போடறாங்கன்னு சொன்னான். அப்பா தலையாட்டினார். "கம்பி மேல ஏத்தி இறக்கினா பட்டை வெடிக்கும். ரொம்ப ஹார்டா இருந்தா விரிசல் விடும், சாஃப்டா இருந்தா மழுங்கும். தடிமன் இருந்தாத்தான் ரெண்டையும் தாங்கும்." ஸ்கீயைக் கண்ணால பார்த்தே இல்லாத மனுஷன், வெளிநாட்டுக் கடைக்காரர் அரை மணி நேரம் பேசறதை நாலு வரில முடிச்சுட்டார். பார்க்ல ஓட்டறவங்க நுனியிலயும், பூட்டுக்கு அடியிலயும் ஓரத்தைக் கொஞ்சம் அரம் போட்டு மழுக்கிடுவாங்கன்னு பையன் சொன்னதும், "பிசிறு எடுக்கற மாதிரி"ன்னார். அடிப்பலகை யு.ஹெச்.எம்.டபிள்யூ. பாலிஎத்திலின்னு படிச்சுக் காட்டினதும், "அட, கன்வேயருக்குப் போடற ஷீட்டுதானே"ன்னு சிரிச்சார். நடுவுல இருக்கற கட்டை என்ன மரம்னு கேட்டார். பாப்லர், மேப்பிள், ஆஷ், மூங்கில், பாலோனியா எல்லாம் போடறாங்க. பாலோனியா லேசு, ஆனா அடி தாங்காது. மேப்பிளும் மூங்கிலும் கனம், ஆனா உழைக்கும்.

ஆக, வாங்கறதுன்னு முடிவு பண்ணினவங்க பார்க்க வேண்டியது இவ்வளவுதான்: தடிமனான ஓரம், கனமான மரம், பக்கவாட்டுச் சுவர் முழுசா நிக்கற 'சாண்ட்விச்' கட்டுமானம், 'சின்டர்டு' அடிப்பலகை. மேல இருக்கற கலர் படத்துக்குக் காசு கொடுக்காதீங்க, கம்பி மேல ஏறின முதல் வாரமே அது கீறிப் போயிடும். துள்ளலும் உழைப்பும் ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் முரண்டு பிடிக்கும். இளகினது சீக்கிரம் உடையும், கனமானது துள்ளாது. நல்ல கம்பெனிகள் நுனியை இளக்கி, நடுவைக் கெட்டியா வெச்சு சமாளிக்கறாங்க.

சரி, இனி என் வேலை. நான் பையன்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தம்பி, இந்த 2.5 மில்லி ஓரம் உடையறதுக்கு நீ எத்தனை நாள் கம்பி மேல ஏறணும்?"

பார்க்லயே குடியிருக்கற பசங்களுக்கு ஒரே சீசன்ல ஓரம் வெடிக்கும். இவன் வருஷத்துல ஆறு நாள். அதுலயும் கம்பி எங்க இருக்கு? நான் போனப்போ குல்மர்க்ல நிரந்தரமா ஒரு டெரெய்ன் பார்க்கைப் பார்க்கல. அங்க இருக்கறது பெரிய மலை. ஊரே சுமார் 2,650 மீட்டர் உயரத்துல. கொண்டோலா முதல் கட்டம் கோங்டூரி வரை, ரெண்டாவது கட்டம் அஃபர்வட் பக்கம் 4,000 மீட்டரைத் தொடப் போகும். அங்க கிடைக்கறது புதுப் பனியும் திறந்த சரிவும். பார்க்குக்குன்னு செஞ்ச குணமெல்லாம் அங்க சும்மாதான் இருக்கும். நம்ம ஊர்ல அதைக் கொல்லப் போறது கம்பியும் இல்ல, பாறையும் இல்ல. பரண் மேல கிடந்து, ரெண்டு பருவ மழைல ஓரம் பூராவும் துரு ஏறும். சீசன் முடிஞ்சதும் அடிப்பலகைலயும் ஓரத்துலயும் மெழுகு தடவி வெக்கணும். அப்படி வெக்கற பசங்களை நான் அதிகம் பார்த்ததில்ல.

இப்ப பேப்பர் எடுத்தோம். கீழ வர்ற நம்பர் எல்லாம் கணக்குக்காக நான் எடுத்துக்கிட்டது. உங்க நம்பரைப் போட்டு நீங்களே பாருங்க.

ஸ்கீயும் பைண்டிங்கும் சேர்ந்து கைக்கு வந்து சேர 75,000. அஞ்சு வருஷம் வெச்சிருந்து 10,000-க்கு விக்கறோம்னு வெச்சுக்கலாம் (நம்ம ஊர்ல இதை யார் வாங்குவாங்கங்கறது தனிக் கேள்வி). வருஷத் தேய்மானம் 13,000. கோயம்புத்தூர்ல இருந்து ஸ்ரீநகருக்கு மாறி மாறித்தான் போகணும், உள்நாட்டு எகானமில செக்-இன் பொதுவா 15 கிலோ. ஸ்கீ, பைண்டிங், பை எல்லாம் சேர்ந்தாலே 10 கிலோவைத் தாண்டும், துணிமணி, பூட் தனி. எக்ஸ்ட்ரா லக்கேஜுக்குப் போக வர 6,000 போடறேன். மெழுகு, ஓரம் தீட்டறது 2,000. ஆக வருஷத்துக்கு 21,000. ஆறு நாளால வகுத்தா ஒரு நாளைக்கு 3,500.

வாடகைக்கு எடுத்தா ஒரு நாளைக்கு 1,500-னு வெப்போம். ஆறு நாளைக்கு 9,000.

சொந்தமா வெச்சிருக்கறது கட்டுபடியாகணும்னா வருஷத்துக்கு 14 நாளாவது பனியில இருக்கணும். 21,000-த்தை 1,500-ஆல வகுத்துப் பாருங்க. அதுவும் அந்த 75,000 எஃப்டில கிடந்திருந்தா வந்திருக்க வேண்டிய வட்டியை நான் சேர்க்கவே இல்ல. போன வருஷ மாடலை சீசன் முடிவுல 40,000-க்குப் பிடிச்சா வருஷச் செலவு 14,000-க்கு இறங்கும், பத்து நாள் போதும். பத்து நாளே உங்க லீவ் பேலன்ஸ்ல இருக்கான்னு பாருங்க. பையன் அங்கயே கம்பெனி போர்ட்டலைத் திறந்து பார்த்தான். பதினோரு நாள் இருந்துச்சு. தைல அக்கா கல்யாணம்.

அப்புறம் அந்த லோன். 75,000, பன்னிரண்டு மாசம், 15% வட்டின்னா மாசம் சுமார் 6,770. மொத்த வட்டி 6,230 சொச்சம். ப்ராசசிங் ஃபீ 2%, அது மேல 18% ஜிஎஸ்டி, சேர்த்து 1,770. ஆக எட்டாயிரம். அந்த எட்டாயிரத்துல அஞ்சு நாள் ஸ்கீ வாடகை வந்துடும்! இதைச் சொன்னதும் அப்பா பையனைப் பார்த்த பார்வை இருக்கே... நான் பேச்சை மாத்திட்டேன்.

வெளிநாட்டு வெப்சைட்ல கார்டு போடறவங்களுக்கு ஒரு வார்த்தை. பல கார்டுகள்ல ஃபாரெக்ஸ் மார்க்கப் 3.5%, அது மேல ஜிஎஸ்டி. 75,000-க்கு அதுவே மூவாயிரத்தைத் தாண்டும். பார்சல் இங்க வந்து இறங்கினா சுங்க வரி, அது மேல சர்சார்ஜ், எல்லாத்துக்கும் மேல ஐஜிஎஸ்டி. வரி மேல வரியா ஏறும். அதுவும் ஸ்கீ விலைக்கு மட்டும் இல்ல, கூரியர் செலவும் சேர்ந்த விலைக்கு. வெப்சைட்ல பார்த்த விலைக்கும் வாசல்ல வந்து கேட்கற விலைக்கும் சம்பந்தமே இருக்காது. அதைவிட ஃபாரின்ல இருந்து வர்ற நண்பர் கையில கொடுத்து விடறது தேவலை. பழைய 2016 பேகேஜ் விதிப்படி இந்தியர் ஒருத்தர் பொதுவா 50,000 ரூபாய் வரை பொருள் வரி இல்லாம கொண்டுவரலாம்னு இருந்துச்சு, அதுக்கு மேல இருக்கறதுக்கு 38.5% வரி இருந்துச்சு. ஆனா அந்த வரம்பு அவரோடது. அவர் வீட்டுக்கு வாங்கற சாமானும் அதுக்குள்ளதான் வரும். உங்க ஸ்கீக்காக ஏர்போர்ட்ல அவர் நிக்கற நிலைமையை உண்டாக்காதீங்க. பில்லை மறைச்சுக் கொண்டுவாங்கன்னு என்கிட்ட ஐடியா கேட்காதீங்க, கிடைக்காது.

எல்.டி.ஏ.ல இதைக் காட்டலாமான்னு போன வீடியோவுக்குக் கீழ ஒருத்தர் கேட்டிருந்தார். முடியாது. எல்.டி.ஏ. உள்நாட்டுப் பயணக் கட்டணத்துக்கு மட்டும்தான், அதுவும் பழைய வரி முறைல இருந்தா.

இப்ப நான் கொஞ்சம் கறாரா இருக்கற விஷயத்துக்கு வர்றேன். பையனோட எமர்ஜென்சி ஃபண்ட் எவ்வளவுன்னு கேட்டேன். ஒரு மாசச் செலவு. ப்ராஜெக்ட் முடிஞ்சு பெஞ்ச்ல உட்கார்ந்து மூணு வாரம் ஆகுது. அப்பாவுக்குத் தெரியாது போல, அந்த நிமிஷம்தான் தெரிஞ்சுது. ரூம்ல யாரும் கொஞ்ச நேரம் பேசல. கடைசில அப்பாதான், "அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன"ன்னார். அதுல கோபம் இல்ல. பட்டறைல ஆர்டர் இல்லாத மாசம் எப்படி இருக்கும்னு தெரிஞ்ச மனுஷன்.

பெஞ்ச்ல இருக்கறவன் மாசம் 6,770 ஈஎம்ஐ ஏத்திக்கறது எனக்குச் சரியா படல. அது ஸ்கீயா இருந்தாலும் சரி, பைக்கா இருந்தாலும் சரி. என்னைக் கேட்டா அவன் வெறும் ஸ்கீக்காக அவசரப்படல. பெஞ்ச்ல உட்கார்ந்து மனசு வெறுத்துப் போனவனுக்கு, எதையாவது ஒண்ணை எதிர்பார்த்துட்டு இருக்கணும்னு தோணும். எனக்குத் தெரியும். 2021-ல வேலைப் பளு கழுத்தை நெரிச்சப்போ நான் வாங்கின ரோடு சைக்கிள் இன்னைக்கும் பால்கனில நிக்குது. ஒரு ரைடுக்கு எவ்வளவு ஆச்சுன்னு ஒரு நாள் கணக்குப் போட்டேன். நம்பரை இங்க எழுத மாட்டேன், என் வீட்டம்மா இதைப் படிப்பாங்க.

அதனால பனிக்குப் போகாதேன்னு நான் சொல்லல. அப்பா அப்படித்தான் எதிர்பார்த்தார், கொஞ்சம் ஏமாந்துட்டார். போ, ஆனா காசு போற வரிசையை மாத்துன்னேன்.

முதல்ல பாதுகாப்பு. குல்மர்க்ல ஊர்ச் சரிவை விட்டு மேல, ரெண்டாவது கட்டம் போய் ஓரம் கட்டி இறங்கறதா இருந்தா, வழிகாட்டியும் பனிச்சரிவுக் கருவிகளும் இல்லாம போகக் கூடாது. பீக்கன், ப்ரோப், மண்வெட்டி மூணும் வேணும். 2024 பிப்ரவரில அங்க பனிச்சரிவுல ஒரு ரஷ்யப் பயணி இறந்து போனார். வாடகை ஸ்கீயோட பீக்கன் மாட்டிக்கிட்டுப் போறவன், புது ட்வின்-டிப்போட பீக்கன் இல்லாம போறவனைவிடப் புத்திசாலி. வாடகைக்கு எடுத்தாலும் அதை உபயோகிக்கறதைக் கத்துக்கிட்டுத்தான் மேல ஏறணும்.

அடுத்து இன்சூரன்ஸ். ஹெல்த் பாலிசில 'எக்ஸ்க்ளூஷன் 09'னு ஒரு வரி இருக்கும். சாகச விளையாட்டுல தொழில்முறையா கலந்துக்கறவங்க காயத்துக்குப் பணம் வராதுங்கறது அது. உங்களை மாதிரி விடுமுறைக்குப் போறவங்களை அது நேரடியா தொடாது. ஆனா ட்ராவல் பாலிசியும் விபத்துப் பாலிசியும் வேற மாதிரி. பலதுல குளிர்கால விளையாட்டுக்குத் தனி ஆட்-ஆன் எடுக்கணும். கம்பெனி குரூப் பாலிசியோட வார்த்தையை எச்.ஆர்.கிட்ட மெயில்ல கேட்டு வாங்கி வெச்சுக்கோங்க. முட்டி லிகமென்ட் ஆபரேஷன் பில்லுக்கு முன்னாடி ஸ்கீ விலையெல்லாம் சில்லறை.

மூணாவது பூட். ஸ்கீயை விட்டுட்டு பூட்டைச் சொல்றானேன்னு நினைக்காதீங்க. நான் முதல் தடவை போனப்போ ஒரு கடைல கொடுத்த வாடகை பூட் ஒரு சைஸ் பெருசு. ஸ்கீ ஒரு பக்கம் போச்சு, நான் ஒரு பக்கம் போனேன். ரெண்டு கால் நகமும் கறுத்து வந்தேன். கால்ல சரியா உட்கார்ற சொந்த பூட் இருந்தா எந்த வாடகை ஸ்கீயையும் ஓட்டிடலாம். கேபின் பைலயோ தோள்லயோ தூக்கிட்டும் போயிடலாம். நேர்ல போட்டுப் பார்த்துத்தான் வாங்கணும், ஆன்லைன்ல வேண்டாம். அடிப்பாகத்துல கிரிப்வாக், ஆல்பைன்னு ரெண்டு ரகம் இருக்கு. உங்க பூட் எதுன்னு வாடகைக் கடைல சொல்லி, பைண்டிங் பொருந்துதான்னு பார்க்கச் சொல்லுங்க. பொருந்தாத பைண்டிங் விழும்போது கழண்டுக்காது.

நாலாவதுதான் ஸ்கீ. அதுவும் ட்வின்-டிப் உங்களுக்குப் பிடிக்குமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. கோயம்புத்தூர்ல இருந்து ஷார்ஜாவுக்கு நேரடி ஃப்ளைட் இருக்கு. பக்கத்துல துபாய்ல, மால் ஆஃப் தி எமிரேட்ஸ்ல 2005-ல திறந்த ஸ்கீ துபாய். நீளமான சரிவே 400 மீட்டர்தான், கேரேஜுக்குள்ள பைக் ஓட்டற மாதிரி இருக்கும். ஆனா டிக்கெட்லயே ஸ்கீ, பூட், துணி எல்லாம் வந்துடும். மச்சானோ பெரியப்பா பையனோ அங்க இல்லாத வீடு நம்ம பக்கம் கம்மி, தங்கற செலவும் மிச்சம். இப்படி ரெண்டு நாள் விழுந்து எழுந்த பின்னாடியும் பின்னோக்கி இறங்கற ஆசை போகலன்னா, அப்ப வாங்கறதைப் பேசலாம்.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து, ஆஸ்திரியா பக்கம் ஆன்சைட் கிடைச்சவங்க. வார இறுதிக்கு ரயில் ஏறி மலைக்குப் போறவங்களுக்குப் பதினாலு நாள் பிப்ரவரிக்குள்ளயே வந்துடும். பார்க்கும் பக்கத்துல இருக்கும், தடிமனான ஓரத்துக்கு வேலையும் இருக்கும். அங்க தாராளமா வாங்குங்க, அதுவும் ஏப்ரல்ல சீசன் முடியற நேரத்துல, முடிஞ்சா செகண்ட் ஹேண்ட்ல. திரும்பி வரும்போது அங்கயே வித்துட்டு வாங்க. பரணுக்குக் கொண்டுவராதீங்க.

பனியே நம்ம பேச்சைக் கேட்காதுங்கறதையும் பையனுக்கு ஞாபகப்படுத்தினேன். 2024 ஜனவரில குல்மர்க் சரிவெல்லாம் பழுப்பு நிறத்துல வெறும் தரையா கிடந்த படத்தை எல்லாரும் பார்த்தோம். பனி விழுந்தது அந்த மாசக் கடைசியிலதான். அந்த மாதிரி ஒரு வருஷம் வந்தா, வாடகைக்காரன் டிக்கெட் தேதியை மாத்திக்குவான். லோன் போட்டவனுக்கு ஈஎம்ஐ தேதி மாறாது.

பையன் போன வாரம் மெசேஜ் போட்டிருந்தான். லோன் ஆப்பை மூடிட்டானாம். தீபாவளி போனஸை அப்படியே எமர்ஜென்சி ஃபண்ட்ல போட்டிருக்கான். குல்மர்க்குக்குப் பிப்ரவரி ரெண்டாவது பாதில அஞ்சு நாள், ஸ்கீ வாடகைக்குத்தான். பூட் விஷயம் இன்னும் முடிவாகல. ஷார்ஜால இருக்கற சித்தப்பா பையன்கிட்ட பேசிட்டிருக்கானாம். பெஞ்ச்ல இருந்து இன்னும் எடுக்கல.

கூடவே ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு, அப்பாவோட குரல். "ஆடிட்டரே, அங்க வாடகைக் கடைல ஓரம் வெடிச்ச பழைய கட்டை ஏதாச்சும் கிடந்தா ஒரு துண்டு வாங்கிட்டு வரச் சொல்லியிருக்கேனுங்க. என்ன ஸ்டீலுன்னு பார்க்கோணும்."